ஃப்ரீசருக்குள்ள பதினேழாம் நம்பர் கன்

நவம்பர் 3, திங்கள்

விடிஞ்சதுலேர்ந்து தூறல். கரையான்சாவடியில பஸ் ஏறறதுக்குள்ள செருப்பு சொதசொதன்னு ஆயிடுச்சு. குடோனுக்குள்ள நுழைஞ்சா என் டேபிள் மேல ரெண்டு அட்டைப்பெட்டி. பெட்டியை ஸ்கேன் பண்ற புது கன் வந்தாச்சு. இருபத்திநாலு.

பாக்க தடிமனான போன் மாதிரிதான். பெட்டி மேல இருக்கற கோடு ஸ்டிக்கரைப் படிக்கறதும் அதுவே, பேசறதும் அதுவே. மாடியிலேர்ந்து போட்டாலும் உடையாதாம். கொண்டாந்த ஆள் நிஜமாவே தரையில போட்டுக் காட்டினான். எனக்குத்தான் திக்குன்னுச்சு.

கூட வந்தது:
– அஞ்சு குழி சார்ஜ் ஸ்டாண்டு, அஞ்சு
– தனி பேட்டரி போடற சார்ஜர், ஒண்ணு
– லாரியில சொருகற சார்ஜர், நாலு
– கழுத்து வார் இருபது. நாலு குறையுது. கேட்டா அடுத்த வாரமாம். அடுத்த வாரம்னா பொங்கல்.

மத்தியானம் பூரா கன் கம்பெனி லிஸ்ட் வரிசைப்படி நம்பர் போட்டேன். மார்க்கர்ல போட்டா குளிர்ல அழியுது, அதனால என் சிவப்பு நெயில் பாலிஷ். ஒரு பாட்டில் காலி. ஒண்ணாம் நம்பர் என் டேபிளுக்கு. பதினேழு ஃப்ரீசர்ல பெட்டி எடுக்கற யூசுப் பாய்க்கு.

பேசற பட்டன் இடது பக்கம். அமுக்கிப் பிடிச்சுகிட்டு பேசணும், விட்டாதான் அடுத்தவங்க பேசறது கேக்கும். ஒருத்தர் அமுக்கியிருந்தா மத்த எல்லாரும் வாயை மூடிக்கணும். எங்க வீட்டுக்கு ஒண்ணு வாங்கி மாட்டலாம்.

சாயங்காலம்தான் விஷயமே தெரிஞ்சுது. மேனேஜர் (இனிமே மே., கை வலிக்குது) தாஸை லோடிங்குக்கு மாத்திட்டாரு. "ஃப்ரீசருக்கு எதுக்கும்மா ரெண்டு ஆளு? அதான் பேசற வசதி வந்துடுச்சே. ஏதாச்சும்னா பட்டனை அமுக்கப்போறாரு." அஞ்சு வருஷமா பாயும் தாஸும் ஜோடியாதான் உள்ள போவாங்க. ஒருத்தர் பெட்டி எடுப்பாரு, ஒருத்தர் அவரைப் பாத்துப்பாரு. உள்ள மைனஸ் இருபது. பாய்க்கு வயசு அம்பத்திரண்டு, சர்க்கரை வேற.

பாய் ஜாக்கெட் ஜிப்பை மேல இழுத்துகிட்டு, "இதுவரைக்கும் தாஸ் பாட்டைக் கேட்டோம். இனிமே ஸ்டெல்லாம்மா திட்டைக் கேப்போம்"னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்ததுலேர்ந்து மனசு சரியில்ல.

நவம்பர் 5, புதன்

மழை இல்ல. புழுக்கம்.

பாயோட கன் ஃப்ரீசருக்குள்ள இருபது நிமிஷத்துல செத்துடுச்சு. நான் கூப்பிடறேன், கூப்பிடறேன், பதில் இல்ல. ஓடிப்போய் கதவைத் திறந்தா மனுஷன் பாட்டுக்கு பெட்டி அடுக்கிகிட்டு இருக்காரு. மீசையில வெள்ளையா பனி. "இன்னாம்மா ஆச்சு?"ங்கறாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அழுகைதான் வந்துச்சு.

வெளிய கொண்டாந்து கொஞ்ச நேரத்துல அதுக்கு உசுரு வந்துச்சு. சார்ஜ் பாதிக்கு மேல காட்டுது. முதல்ல ஸ்டாண்டு மேல சந்தேகம். குழிக்குள்ள இருக்கற பித்தளை முள்ளை எல்லாம் பசங்க அழிக்கற ரப்பரால தேய்ச்சேன். வேற பேட்டரி போட்டேன். அதுவும் உள்ள போனா சாவுது.

கன் கம்பெனி ஆளுக்கு போன். "குளிர் தாங்கற பேட்டரி தனி மேடம். உங்க ஆபீஸ்ல அது வாங்கல."
மே. கிட்ட சொன்னேன். "அடுத்த ஆர்டர்ல பாக்கலாம்."

அப்புறம்தான் என் மூளை வேலை செஞ்சுது. கன்னை ஜாக்கெட்டுக்குள்ள தொங்கவிட்டா என்ன? உடம்புச் சூடு இருக்கே. ஸ்கேன் பண்ண மட்டும் வெளிய எடுத்து, உடனே உள்ள. பாய் முயற்சி பண்ணாரு. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, சாகல! மே. எல்லார் எதிரயும் கை தட்டினாரு. "ஸ்டெல்லா மேடம் இன்ஜினியர் ஆயிட்டாங்க."

என் கையால எழுதி ஃப்ரீசர் கதவுல ஒட்டினேன்: கன்னை ஜாக்கெட்டுக்குள் வைக்கவும். நல்ல எழுத்து. கீழ ஒரு கோடு வேற போட்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

வெயில். துணி காய்ஞ்சுது, அது ஒண்ணுதான் இன்னைக்கு நல்ல சேதி.

புதுத் தொல்லை. பாயைப் பாத்து எல்லாரும் கன்னை சட்டைக்குள்ள போட்டுக்கறாங்க. குனியறப்ப, பெட்டி தூக்கறப்ப பட்டன் தானா அமுங்குது. அவ்ளோதான், குடோன் மொத்தத்துக்கும் சரசர சரசரன்னு துணி உரசற சத்தம். மூச்சு வாங்கற சத்தம். எவனோ பிஸ்கட் மெல்றான். யாருன்னும் தெரியாது, திரையில எல்லாத்துக்கும் ஒரே கம்பெனி பேருதான் வருது. ஆள் ஆளுக்கு பேரு போட்டுத் தரேன்னவன் வரவே இல்ல.

பதினோரு மணிக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டற குணா அவன் பொண்டாட்டிகிட்ட போன்ல பேசினது பூரா ஊருக்கே ஒலிபரப்பு. "நான் இன்னா பண்றது, உங்கம்மா வந்துகினே கீறாங்க..." எல்லாரும் வயித்தைப் பிடிச்சுகிட்டு சிரிக்கறாங்க. சாப்பாட்டு நேரத்துல வந்து, "யக்கா, எனக்கு ஊடு போற வழியே மூடிக்கிச்சு, இன்னைக்கு இங்கயே படுத்துக்கறேன்"னான்.

சரசரப்பு கேட்டா நான் கத்தணும், அதுதான் இப்ப என் வேலை. சத்தம் நடுவுல ஒரு நொடி விடும். அந்தக் கேப்புல பூந்து திட்டணும். தொண்டை கட்டிகிச்சு.

ஒண்ணு மட்டும் உறுத்துது. அந்தச் சத்தம் ஓடற வரைக்கும் பாய் கூப்பிட்டாலும் எனக்குக் கேக்காது. மே. கிட்ட சொன்னேன். "நீங்கதான் கன் இன்சார்ஜ், டிசிப்ளின் கொண்டாங்க"ன்னாரு.

நவம்பர் 10, திங்கள்

மேகமூட்டம். ரேடியோவுல புயல் சின்னம்னு சொன்னாங்க.

இன்னையிலேர்ந்து கால் மணிக்கு ஒரு தடவை நானே பாயைக் கூப்பிடறேன். நோட்டுல டிக். "பாய்?" "இருக்கேம்மா." அவ்ளோதான் பேச்சு. அந்த "இருக்கேம்மா" வர்ற வரைக்கும் வேற வேலை ஓடல. சில நேரம் பட்டன் மேல கையுறை வழுக்கி லேட்டாகுது. அதுக்குள்ள எனக்கு என்னென்னமோ தோணுது.

மூணு மணிக்கு வெளிய வந்தவரு டீ கிளாஸை ரெண்டு கையாலயும் பிடிச்சுகிட்டு சொன்னாரு: "ஏழாவது வரிசையில பட்டாணி அட்டைப்பெட்டி அடுக்கு சாஞ்சு நிக்குது. அடியில பனி கட்டிகினு கீது. தாஸ் இருந்தா ஒருத்தர் தாங்கிப் பிடிச்சு ஒருத்தர் இறக்கலாம்."

நேரா மே. ரூமுக்குப் போனேன். கதவைத் தட்டல.
"சார், ஒரு ரெண்டு நாளைக்காவது தாஸை அனுப்புங்க."
"கிறிஸ்மஸ் ஆர்டர் போகட்டும்மா."
"அது போறதுக்குள்ள அட்டை விழுந்தா?"
"விழுந்தா உங்களைக் கூப்பிடப்போறாரு. அதுக்குத்தானே அவ்ளோ பெரிய மெஷின்?"

ராத்திரி இவருகிட்ட சொன்னேன். ஐயப்பன்தாங்கல் டிப்போவுல இருபது வருஷமா பஸ்ஸுக்கு அடியில படுக்கற மனுஷன். "ஜாக்கி வெச்சாலும் பக்கத்துல ஒரு ஆள் இல்லாம நான் உள்ள போகமாட்டேன்"னாரு. சொல்லிட்டு சாம்பாருக்கு உப்பு கேட்டாரு.

நவம்பர் 12, புதன்

பேய் மழை. பூந்தமல்லி ரோட்ல முழங்கால் தண்ணி. பாதிப் பேரு வரல. தாஸும் வரல. எட்டு லாரி வாசல்ல. இதெல்லாம் நடுநடுவுல கிறுக்கறது.

12.40 – சாப்பாடு பிரிக்கல. ரெண்டாவது ஸ்டாண்டுக்குள்ள ஓட்டுத் தண்ணி சொட்டுது. பிளக்கைப் பிடுங்கி, பாலித்தீன் போட்டேன்.

1.30 – பாய் "இருக்கேம்மா." டிக்.

2.45 – பாய் "இருக்கேம்மா. ஏழாவது வரிசையிலதான் வேலை." டிக். பாத்து பாய்னு சொன்னேன்.

3.00 – கூப்பிட முடியல. லாரிக்காரன் ஒருத்தன் பில் கிழிஞ்சுபோச்சுன்னு உசுரை எடுக்கறான்.

3.05 – ஆரம்பிச்சுடுச்சு. சரசரப்பு. எவன் சட்டைக்குள்ளயோ.

3.12 – இன்னும் விடல. ஏதோ முனகற மாதிரியும் இருக்கு. குணாவாதான் இருக்கும், பாட்டு முனகறான். ரெண்டு லாரிக்கு எந்தக் கதவுல லோடு ஏத்தணும்னு சொல்லணும், லைனே கிடைக்கல. சவுண்டைக் குறைச்சேன்.

3.20 – ஒரு நொடி விட்டுச்சு. பூந்துட்டேன். "யாருப்பா அது, விடுப்பா பட்டனை! மத்தவங்க பேச வேணாமா?" நின்னுடுச்சு. அப்பாடா. சொன்னா கேக்கற ஜனங்கதான்.

3.35 – பாய் பதில் சொல்லல. கன் செத்துருக்கும். ஒரு லாரி அனுப்பிட்டு போய்ப் பாக்கணும்.

3.50

நவம்பர் 13, வியாழன்

மழை விட்டுடுச்சு.

நேத்து 3.50க்கு குணா ஓடி வந்தான். கையால ஃப்ரீசரைக் காட்டறான். ஏழாவது வரிசை மொத்தமா சரிஞ்சு கிடந்துச்சு. அடியில பாய். வலது கை, நெஞ்சு, எல்லாம் அட்டைக்குக் கீழ. இடது கை மட்டும் வெளிய. அது ஜாக்கெட் மேல இருந்துச்சு. கையுறை எங்கயோ கழண்டு போயிருக்கு.

நானும் பெட்டி தூக்கினேன். எத்தனைன்னு தெரியாது. குணா அழுதுகினே தூக்கறான், "பாய், கண்ணைத் தொறங்க பாய், பாய்"னு. கண்ணு லேசா தொறந்துதான் இருந்துச்சு. பேச்சு இல்ல. ஆம்புலன்ஸ் தண்ணியில வந்து சேர நேரமாச்சு.

உசுரு இருக்கு. விலா எலும்பு மூணு உடைஞ்சிருக்கு. இடது கை விரல் கறுத்துப் போச்சாம், சர்க்கரை இருக்கறதால ரெண்டு நாள் பாத்துட்டுத்தான் சொல்வாங்களாம். பாய் சம்சாரம் நூர்ஜஹான் போன்ல சொன்னாங்க. என்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொல்லல. துவா பண்ணுங்கன்னாங்க.

குணாவைத் தனியா கூப்பிட்டுக் கேட்டேன். நேத்து மூணு மணிக்கு நீதானே பட்டனை அமுக்கினது?
"யக்கா, மாதா சத்தியமா என் கன்னு நேத்து பூரா ஸ்டாண்டுலதான் இருந்துச்சு. காலையிலேர்ந்து சார்ஜே ஏறல."

நீயா இருந்திருக்கக் கூடாதாடா.

நவம்பர் 14, வெள்ளி

கன் கம்பெனி ஆள் வந்தான். எந்தக் கன், எத்தனை மணிக்கு, எவ்ளோ நேரம் அமுக்கினதுன்னு எல்லாம் பதிவாகி இருக்குமாம். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். 3.05லேர்ந்து 3.20 வரைக்கும் வரிசையா ஒரே நம்பர். பதினேழு. பதினேழு. பதினேழு.

அவரு பேசிகிட்டேதான் இருந்திருக்காரு. கன்னை வெளிய எடுக்கக் கை இல்ல. ஜாக்கெட் மேல இருந்தே அமுக்கி, உள்ள இருக்கறதுகிட்ட பேசியிருக்காரு. தடி ஜாக்கெட். எனக்கு வந்தது சரசரப்பு. நான் சவுண்டைக் குறைச்சேன்.

மே. ஒரு பேப்பர் நீட்டினாரு. கையெழுத்துப் போடணுமாம். 'சம்பவத்தன்று கருவி போதிய சார்ஜுடன் நல்ல நிலையில் இயங்கியது.' ஒரு எழுத்து பொய் இல்ல. பேப்பரை அவரு பக்கமே திருப்பித் தள்ளினேன்.
"கருவிக்கு ஒண்ணும் இல்ல சார். தாஸை எடுத்ததையும் எழுதுங்க. நான் கேட்டதையும் எழுதுங்க. நான் சவுண்டைக் குறைச்சதையும் எழுதுங்க. அப்புறம் போடறேன்."
"உங்களுக்குத்தான்மா ஆபத்து."
"இருக்கட்டும் சார்."

போடல. வெளிய வந்து ஃப்ரீசர் கதவுல நான் ஒட்டினதைக் கிழிச்சேன். பாதிதான் வந்துச்சு, பசை நல்லா பிடிச்சிருக்கு. நாளைக்கு உள்ள போக வேற ஒருத்தரைப் போட்டிருக்காங்க. ஒருத்தரைத்தான்.

நவம்பர் 16, ஞாயிறு

பூசைக்குப் போகல. இவரு வண்டியில ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுவிட்டாரு. உள்ள வரலன்னுட்டாரு.

வாங்கிட்டுப் போனது: சாத்துக்குடி ஆறு, ஃபிளாஸ்க் ஒண்ணு. சர்க்கரைக்காரருக்கு சாத்துக்குடி. என் மூளை.

பாய் பேசறாரு. மெதுவா, விட்டு விட்டு. இடது கையில பெரிய கட்டு. ரெண்டு விரல் நேத்து எடுத்துட்டாங்க. நூர்ஜஹான் எனக்கு ஸ்டூலைத் துடைச்சுப் போட்டாங்க. நான் உக்காரல. நின்னுகிட்டே சொல்லிட்டேன் எல்லாத்தையும். பாட்டுன்னு நெனச்சேன் பாய், சவுண்டைக் குறைச்சேன் பாய், திட்டினேன் பாய். மூக்கு ஒழுகுது, துடைக்கக்கூட தோணல.

பாய் என்னைச் சமாதானப்படுத்தறாரு. அதான் தாங்கல.

"நீங்க பேசினது கேட்டுச்சும்மா. விடுப்பா பட்டனைன்னீங்க. அல்லாவே, ஸ்டெல்லாம்மாவுக்கு கேட்டுடுச்சு, ஆளை அனுப்பறாங்கன்னு நிம்மதியா விட்டுட்டேன்."

அதுக்கப்புறம் அரை மணி நேரம். ஏன் பாய் திரும்ப ஒரு தடவைகூட அமுக்கலன்னு கேட்டேன்.

"நீங்க ஆளுங்களைக் கூப்பிடணுமே. நான் அமுக்கினா உங்களுக்கு லைன் கிடைக்காதே."