ஓடை வாய்ச் சிவப்புப் புழு

டிசம்பர் 8, திங்கள்

காலையில் தூறல். வாடைக்காற்று இன்னும் அடங்கவில்லை. துவைத்த துணி மூன்றாவது நாளாக ஈரம்.

தம்பி கோவிந்தன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். முனுசாமி மாமா கேட்டாராம், அவரோடு பாடு மாற்றிக்கொள்ளப் போகிறானாம். எங்கள் உப்புத் தண்ணீர் ஏரியில் யார் எங்கே வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுக் கொடுத்த இடம் அது. இவனுக்கு விழுந்தது கிழக்கே, மணல் கலந்த நல்ல சேறு. மாமாவுக்கு இந்தத் தடவையும் ஓடை வாய், ஓடை ஏரியில் கலக்கும் இடம். வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் வாயால் சொல்லிவிட்டால் சீசன் முழுக்க மாற்ற முடியாது.

"நல்ல எடத்த குடுத்துட்டு அத ஏன்டா வாங்குற?"

"கைய உட்டுப் பார்த்தேன்க்கா. ஒரு பிடி சேத்துல அவ்ளோ பூச்சி. பூச்சி இருந்தா எறா வரும்னு நைனா சொல்லல?"

சொன்னார்தான். பூச்சி என்றால் எங்கள் ஊரில் இறாலுக்கு இரையாகும் சேற்றுப் புழு. நைனா போய் ஆறு வருடம். இந்த வீட்டில் இன்னும் அவர் சொன்னதுதான் சட்டம். எனக்கும்தான்.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை. நாளை கல்லூரி ஆய்வக வேலைக்கு லீவு. (காரணம்: காய்ச்சல். பொய்.)

டிசம்பர் 9, செவ்வாய்

வெயில். ஓடை வாய்க்கு நடந்தே போனேன். முழங்கால் வரை கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம். செருப்பு ஒன்று காலி.

ஊர்ச் சாக்கடை, இறால் பண்ணைக் கழிவு, இரண்டும் இப்போது இந்த ஓடையில்தான். டீ வடிகட்டியில் சேற்றை அலசினேன். சிவப்பு நூல் நூலாகப் புழு. லென்ஸில் பார்த்தால் பக்கத்தில் கால் வரிசை இல்லை, குட்டி குட்டி மயிர் மட்டும். நம் ஏரிப் பூச்சிக்குக் கால் உண்டு; இது அது இல்லை. மண்புழுவுக்குச் சொந்தம். ஆய்வகத்தில் இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் புழு எடுத்து வைக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா.

மறக்காமல் இருக்க: தலை சேற்றுக்குள், வால் மேலே. வாலை ஆட்டி ஆட்டித் தண்ணீரிலிருந்து மூச்சு. காற்று குறையக் குறைய வாலை இன்னும் நீட்டும். ரத்தம் நம்முடையது போலவே சிவப்பு; கிடைக்கிற கொஞ்சத்தையும் இழுத்துப் பிடிக்கும். கீழே தின்று மேலே கழியும். ஆண், பெண் இரண்டும் ஒரே உடம்பில். இதன் முன்னோர்களுக்குக் கால் இருந்து, மண்ணைத் துளைக்கத் துளைக்கத் தொலைந்துபோனது என்கிறார்கள். எதற்கும் அசராத ஜென்மம். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் வேறு எதுவும் பிழைக்காத இடத்தில்தான் இது இப்படிக் கொழிக்கும்.

கோ.விடம் சொன்னேன்.

"பூச்சின்னா பூச்சிதான்க்கா. எறா இன்னா லென்ஸ் வெச்சுப் பார்த்தா துன்னும்?"

"துன்னும்டா. அங்க மூச்சு உடணுமே?"

சிரிக்கிறான். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆத்திரமும் வந்தது. வாயால் சொல்லி இவனிடம் ஆகாது. கண்ணால் காட்ட வேண்டும்.

டிசம்பர் 10, புதன்

மேகம். காய்ச்சல் தொடர்கிறது (லீவுக்கு).

கடையில் காலி மிட்டாய் பாட்டில் இரண்டு. ஒன்றில் கிழக்குச் சேறு, ஒன்றில் ஓடைச் சேறு. மேலே தண்ணீர். நாலு நாலு உயிர் இறால். கோ.வைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

இரண்டு பாட்டிலிலும் இறால் செத்தது.

"எந்தத் தண்ணிக்கா ஊத்துன?"

கிணற்றுத் தண்ணீர். கல்லூரிப் பழக்கத்தில் கை தானாக மொண்டு ஊற்றியிருக்கிறது.

"உப்புத் தண்ணி எறாவ நல்ல தண்ணில உட்டா சாவாம இன்னா பண்ணும்? நீ நைனா பொண்ணு தானா?"

ஏரிக்கரையில் பிறந்த எவளும் செய்யாத தப்பு. அவமானம். சாயங்காலம் வரை அவன் மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சிரிக்கட்டும். நாளை மறுபடி.

டிசம்பர் 11, வியாழன்

விடியற்காலையில் கிழக்கே போய் ஒரு குடம் ஏரித் தண்ணீர். இரண்டு பாட்டிலுக்கும் அதே தண்ணீர். சேறு மட்டும் வேறு. இன்றைக்கு ஊற்றியது கோ.வின் கை. என்னை நம்ப வேண்டாம், அவனை நம்பட்டும்.

கிழக்குச் சேற்றில் இறால் நிம்மதியாக மேய்ந்தது. ஓடைச் சேற்றில் துள்ளித் துள்ளி மேலே வந்தது, பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. பக்கத்திலேயே சிவப்பு வால்கள் ஜோராக ஆடிக்கொண்டிருந்தன.

கோ. சிரிக்கவில்லை. பாட்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"அப்போ நைனா சொன்னது பொய்யாக்கா?"

"இல்லடா. நைனா பார்த்தது காலு வெச்ச பூச்சி. அப்போ ஓடைல இந்தச் சாக்கடை இல்ல. பூச்சி மாறிப் போச்சு."

அவன் முகம் வாடிவிட்டது. பாடு மாற்றவில்லை என்றான். அப்பாடா.

ஆனால் கை கழுவும்போது கேட்டான்: "மாமன் இன்னா பண்ணுவாரு? அவருக்கும் வூடு இருக்கே."

ஆமாம். ஓடைக்கு வரும் கழிவை நிறுத்த ஊர்தான் முடிவெடுக்க வேண்டும். ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசி நான் பார்த்ததில்லை. நாளை பார்ப்பார்கள்.

டிசம்பர் 12, வெள்ளி

காற்று பலம். பழைய ஸ்வெட்டர் எங்கே?

எடுத்துப் போக: பாட்டில் 2. புது இறால், ஈரச் சாக்கில். லென்ஸ். பேச வேண்டியதை எழுதிய தாள் (எழுதி, கிழித்து, மறுபடி எழுதியது).

கிளம்பும்போது வாசலில் முனுசாமி மாமா. கோ. காலையிலேயே போய்ச் சொல்லிவிட்டிருக்கிறான். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நிமிர்ந்து நின்றேன். அவர் குனிந்து பாட்டிலைப் பார்த்தார். வால்களைப் பார்த்தார்.

"ரெண்டு சீசனா ஒரு கூடை தேறல, செல்வி. பூச்சி இவ்ளோ கெடக்கு, எறா இல்லியே, என் ராசிதான் கெட்டுப் போச்சுன்னு இருந்தேன். கோவிந்தன் ராசிக்காச்சும் எறா உழட்டும்னுதான் மாத்தக் கேட்டேன்."

இரண்டு வருடம் தன்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன்.

பிறகு ஓடைச் சேற்றுப் பாட்டிலைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நட. இத்த நான் தூக்கினு வரேன். நீ பேசு."