உப்பு பார்த்து வாங்கிய கார்

தை 14, செவ்வாய்

காலையில் கடும் பனி. மனைவி அஞ்சலைக்கு டயாலிசிஸ் நாள்.

போகும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியில் பலகைகளில் படித்தவை: இளநீர். பஞ்சர். நாட்டுக்கோழி. வேகத்தடை. கடைசிச் சொல்லை முடிப்பதற்குள் பஸ் அதன் மேல் ஏறி இறங்கிவிட்டது. ஆனாலும் முழுசாகப் படித்தேன். அறுபத்தெட்டு வயதில் எழுத்துக் கற்றவனுக்கு இது ஒரு சந்தோஷம்.

திரும்பும்போது இடமில்லை. என் தோளில் சாய்ந்தபடி நின்றே வந்தாள். பாதி வழியில் இறங்கி வாந்தி. அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம்.

வீட்டில் படுத்தவள் சொன்னாள்: "இனிமே நான் ஆஸ்பத்திரிக்கு வரலய்யா. ஆவறது ஆவட்டும்."

நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை எழுதக் கை வரவில்லை.

தை 15, புதன்

மகள் செல்வியிடம் சொன்னேன். மருந்துக்கடையில் வேலை. லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கிறாள், கார்தான் இல்லை. போனில் ஒன்றைக் காட்டினாள். பழைய பேட்டரி கார். கோட்டக்குப்பம். வீட்டு கரண்டிலேயே சார்ஜ். பெட்ரோல் வண்டி என்றால் நமக்குக் கட்டாது. இந்த விலைக்கு வேறு எங்கேயும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக முப்பத்தைந்து கிலோமீட்டர், வர முப்பத்தைந்து. ஒரு சார்ஜுக்குத் தொண்ணூறு ஓடுமாம்.

உப்பளத்தில் மேஸ்திரி: "ஏம்பா, புயல்ல கடல் தண்ணி பூந்த வண்டியெல்லாம் தொடச்சி விக்கிறானுங்க. பேட்டரி வண்டில உப்புத் தண்ணி ஏறிச்சின்னா அவ்ளோதான்."

"உப்பை எங்கிட்டயா மறைப்பான்?" என்றேன்.

தை 16, வியாழன்

காலையில் பாத்தியில் உப்பு வாரிவிட்டு, காலை மட்டும் கழுவிக்கொண்டு, செல்வியோடு கோட்டக்குப்பம்.

விற்பவர் ஜலீல் பாய். துபாயிலிருந்து திரும்பியவர். டீ கொடுத்தார். வெள்ளைக் கார், சின்னது. முன்னால் இருக்கும் திரையில் 91 என்று இருந்தது, நானே படித்தேன். செல்வி ஒரு சுற்று ஓட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு.

பிறகு என் வேலையைக் காட்டினேன். காலடி விரிப்பைத் தூக்கி, தகரத்தில் விரலைத் தேய்த்து, நாக்கில் வைத்தேன். பாத்தித் தண்ணீர் விளைந்துவிட்டதா என்று ஐம்பது வருஷமாக இப்படித்தான் பார்க்கிறேன். கரித்தது. சீட்டுக்கு அடியில், கரித்தது. கதவு இடுக்கிலும் கரித்தது.

"இது கடல் தண்ணி ஏறின வண்டி." தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டேன்.

பாய் முகம் மாறிப்போனது. "அல்லா மேல ஆணையா, பெரியவரே, வேலூர்ல என் தங்கச்சி வூட்ல நின்ன வண்டி. அங்க கடலுக்கு நான் எங்க போறது?"

செல்வியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாளை பத்து மணிக்கு வேறு ஆள் பார்க்க வருகிறாராம், பஸ்ஸில் சொன்னாள். வரட்டும்.

வீட்டில் அஞ்சலையிடம் பெருமையாகச் சொன்னேன். முழுசாகக் கேட்டாள்.

"கையைக் கழுவினியா?"

"காலைக் கழுவினேன்."

என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உப்பு வாரின கையால நீ என் கன்னத்தைத் தொட்டாலும் நான் கடல்ல முழுகினவதான்யா!"

சிரித்து எத்தனை மாதம்.

"நாளைக்கு ஆஸ்பத்திரி நாளுதானே? நானும் வர்றேன். போற வழியில அந்த வண்டியைப் பாக்கலாம். ஒரு வருஷமா உப்பில்லாம சோறு திங்கிறேன். ஒரு பொட்டு உப்பு பட்டாலும் என் நாக்குக்குத் தெரியும்."

தை 17, வெள்ளி

முதல் பஸ், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கோட்டக்குப்பம். பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க பெரியவரே" என்றார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அஞ்சலை சோப்பு வாங்கிக் கை கழுவினாள். விரிப்பைத் தூக்கினாள். தேய்த்து, நாக்கு நுனியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"மண்ணு."

சீட்டுக்கு அடியில்: "மண்ணு."

கதவு இடுக்கு: "இது பிஸ்கட்டு."

"என் தங்கச்சி புள்ளைங்க தின்னதும்மா!" பாயும் சிரித்துவிட்டார்.

நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன். ஐம்பது வருஷம் இந்தக் கையையும் நாக்கையும் நம்பி எவ்வளவோ தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். பாத்தியில், வீட்டில், அடுத்தவர் விஷயத்தில். எதெதில் என் கை உப்பையே ருசி பார்த்தேனோ. கேட்டுத் திருத்திக்கொள்ள அவர்களில் பலர் இப்போது இல்லை.

செல்வி பெயரில் கார். சாட்சி நான். பாய் என் கைரேகைக்கு மைப்பெட்டியைத் தேடினார். பேனா கேட்டேன். கோவிந்தன். ஐந்து எழுத்து. எல்லோரும் காத்திருந்தார்கள். அவசரப்படுத்தவில்லை.

தை 21, செவ்வாய்

வெயில். காரில் ஆஸ்பத்திரி. அஞ்சலை முன் சீட், நான் பின்னால்.

திரும்பும்போது சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டாள். வண்டியில் சத்தமே இல்லை. அவள் மூச்சு எனக்குக் கேட்டது.

கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "வெள்ளிக்கெழமை எத்தினி மணிக்குய்யா கெளம்பணும்?"

ஏழரை என்றேன். அதற்குள் தூங்கிவிட்டாள்.