கொலு வீட்டுப் பதில்

மயிலாப்பூர்
17.11.1996

அன்புள்ள உங்களுக்கு, சாருலதா நமஸ்காரம் சொல்லி எழுதுவது. இங்கே உங்கள் அம்மாவும் நானும் சௌக்கியம். ஐந்து நாளாக மழை, துணி எதுவும் காயவில்லை. மஸ்கட்டில் உங்களுக்கு ஜலதோஷம் விட்டதா?

இந்தக் கடிதத்தையும் கூடவே ஒரு பாட்டிலையும் கொண்டுவருபவர் உங்கள் ஆபீஸ் ஷாஹுல் ஹமீது. லீவு முடிந்து கிளம்புகிறவர், கொட்டுகிற மழையில் வீடு தேடி வந்து, உங்களுக்குக் கொடுத்தனுப்ப ஏதாவது உண்டா என்று கேட்டுவிட்டுப் போனார். அவருக்கு ஒரு காப்பியாவது வாங்கிக் கொடுங்கள்.

விசா பேப்பரும் டிக்கெட்டும் வந்துவிட்டன. விமானம் டிசம்பர் ஐந்தாம் தேதி. என் பி.பி.ஏ. கடைசி வருஷப் பரீட்சை பதினான்காம் தேதி ஆரம்பம். பரீட்சையை முடித்துக்கொண்டு ஜனவரியில் வரட்டுமா என்று கேட்டிருந்தேன். நீங்கள் 'உன் இஷ்டம்' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே ஐந்தாம் தேதி ஏர்போர்ட்டுக்கு வண்டி சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? உங்கள் மேல் வந்த கோபத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். இப்போது கோபம் இல்லை. அது எப்படிப் போயிற்று என்று சொல்ல, நவராத்திரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கரஸ்பாண்டன்ஸ் கோர்ஸ் என்றால் தபாலில் வரும் பாடத்தை நெட்டுருப் போடுவது என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? மார்க்கெட்டிங் பேப்பருக்கு ப்ராஜெக்ட் உண்டு. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, யார் வாங்குவார்கள், யார் வாங்கமாட்டார்கள் என்று ஜனங்களிடமே கேட்டு எழுத வேண்டும். நான் அம்மாவின் புளிக்காய்ச்சலை எடுத்துக்கொண்டேன். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "புளிக்காய்ச்சலைப் போய் யாராவது காசு குடுத்து வாங்குவாளா? மாட வீதியில சிரிப்பா" என்றார்.

நான் பெரிய கெட்டிக்காரி இல்லையா? நவராத்திரியில் எப்படியும் வீடு வீடாகக் கொலுவுக்குப் போகத்தானே போகிறோம், கையோடு கேள்வித்தாளையும் கொண்டுபோனால் ஆயிற்று என்று கணக்குப் போட்டேன். சுண்டலைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில். "பேஷா பண்ணேன்டீ சாரு! எங்காத்துக்கு ரெண்டு பாட்டில் எடுத்து வெச்சுடு." குங்குமம், வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணியோடு நூற்றுக்கு நூறு ஆதரவும் வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மாவைத் தாஜா செய்து தீபாவளிக்கு முன்பு பாட்டில் பாட்டிலாகப் போட்டோம். ஒரு மாமிகூட வரவில்லை. கோயிலில் என்னைப் பார்த்தால் வேறு பிராகாரமாகப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எங்கள் நீரஜா மேடத்திடம் ரிப்போர்ட்டை நீட்டினேன். அவரும் மயிலாப்பூர்க்காரர்தான். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "கொலுவுக்கு வந்தவகிட்ட, அதுவும் சுமங்கலிகிட்ட, யாராவது மாட்டேன்னு சொல்லுவாளா? இது சர்வேயே இல்லை, தாம்பூலம். உன்னைத் தெரியாதவா கிட்ட போய்க் கேளு" என்றார்.

அடையாறில் வேலைக்குப் போகும் பெண்களின் ஹாஸ்டல் ஒன்று இருக்கிறது. மீந்த பாட்டில்களை அங்கே கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் போய்க் கேட்டேன். தூத்துக்குடிப் பெண் சந்திரிகா, பேங்கில் வேலை, என்னை நிற்க வைத்தே சொல்லிவிட்டாள். "ருசி எல்லாம் சரிதான்க்கா. ஆனா எண்ணெய் ஒழுகி என் ஆபீஸ் பை பூரா நாசமாப் போச்சு. கடலை நமுத்துப் போயிருக்கு. இத எவ வாங்குவா?" திரும்பும்போது பஸ்ஸில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மந்தைவெளி வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வீடுகளில் யாரும் சொல்லாததை ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டாளே!

மூடியை மாற்றினோம். எண்ணெயைக் குறைத்தோம். வறுத்த கடலையைத் தனிப் பொட்டலமாகக் கட்டினோம். இப்போது ஹாஸ்டலில் கேட்டு வாங்குகிறார்கள். குறை கண்டுபிடித்த சந்திரிகாவை அம்மா 'சம்பந்தி' என்று கேலி செய்கிறார், புளி கரைக்க என்னைக் கிட்டேயே விடுவதில்லை. நான் அங்கே வந்த பிறகும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். ப்ராஜெக்டுக்கு மேடம் போட்ட மார்க்கை நேரில் சொல்கிறேன்.

ரிப்போர்ட்டைத் திருத்தி எழுதிய கையோடு உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். 'உன் இஷ்டம்' என்பது அசல் கொலு வீட்டுப் பதில். மாட்டேன் என்று சொல்ல மனசு வராதவர்கள் சொல்வது. கோபம் அதோடு போயிற்று.

அடுப்புப் பற்றவைக்கக்கூடத் தெரியாத நீங்கள், போன இரண்டு கடிதங்களிலும் புளிக்காய்ச்சல் எப்படிச் செய்வது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் அறையில் கூட இருந்து சமைத்துப் போட்ட கிச்சா வேலையை விட்டு ஊருக்கு வந்ததும் அப்போதுதான். அந்த அறையில் தனியாக உட்கார்ந்து என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. நான் மட்டும் நேராக எழுதிவிடுகிறேன். நீங்கள் இல்லாமல் எனக்கு இந்த வீடு வீடாகவே இல்லை. ஆனால் பரீட்சையை எழுதினால்தான் இந்த மூன்று வருஷமும் என்னுடையது. நான் நன்றாக எழுதுவேன், அதில் சந்தேகமே இல்லை.

டிக்கெட்டை ஜனவரிக்கு மாற்றலாமாம், விசாரித்துவிட்டேன். உங்கள் வார்த்தைக்காகத்தான் காத்திருக்கிறேன். 'என்னால் முடியவில்லை, இப்போதே வா' என்றாலும் சொல்லுங்கள். அழுவேன், சண்டை போடுவேன், ஆனால் உங்கள் மனசு எனக்குத் தெரிந்திருக்கும். எதிர்வீட்டு ஃபோனுக்குக் கூப்பிடாதீர்கள், அங்கே எல்லோருக்கும் காது நீளம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை லஸ் ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து நானே கூப்பிடுகிறேன், புளிக்காய்ச்சல் காசில். பூத்துக்குக் கதவு உண்டு, சாத்திக்கொள்ளலாம்.

கற்பகாம்பாள் உங்களை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். ஷாஹுல் ஹமீதிடம் கொடுத்தனுப்பும் பாட்டில் ஜனவரி வரை கெடாது, அதற்கு நான் பொறுப்பு. நீங்கள் ஜனவரி வரை இருந்துவிடுவீர்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள்
சாரு