கறுத்த இடம்

திண்டுக்கல், 12.2.1961

சென்னையில் எக்ஸ்ரே வேலை பார்க்கும் தம்பி ஜெகபர் அலிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

என் முதுகுக் கட்டியையும் உன் மதினி சைதூனின் தொடைக் கட்டியையும் மதுரையில் படம் எடுத்தாயிற்று. டாக்டர் பையன் இரண்டு மணி நேரம் நிற்க வைத்தான். உட்காரச் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. படங்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எவனும் எனக்குப் படித்துச் சொல்ல வேண்டாம். மண்டியில் நாற்பது வருஷமாகத் தோலை வெயிலில் பிடித்துத்தானே தரம் பிரிக்கிறேன்? கறுப்பு தெரிந்தால் கழிவு. என் கட்டி கறுப்பாக, ஓரம் வெட்டினாற்போல் தெரிகிறது. அவளுடையதில் கறுப்பே இல்லை. சதையோடு சதையாக வெளுத்துக் கிடக்கிறது. கேடு எனக்குத்தான். அறுத்துக்கொள்ளப் போகிறேன். நான் மவுத்தானால் அவளைப் பார்த்துக்கொள்.

நைனா முகமது

சென்னை, 17.2.1961

அன்புள்ள அண்ணனுக்கு ஸலாம்.

படம் தோல் இல்லை அண்ணே. அதில் கொழுப்புதான் கறுப்பாக விழும். ஓரமும் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் சாதுவான கட்டி. சதை நிறத்திலேயே ஓரம் கலைந்து கிடப்பதற்குத்தான் பயப்பட வேண்டும். சிறு துண்டு எடுத்துச் சோதித்தால்தான் உறுதி. மதினியை உடனே கூட்டி வாருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜெகபர் அலி

திண்டுக்கல், 9.3.1961

தம்பிக்கு,

தோல் நாற்றம் ஆகாதென்று ஓடிப்போனவன், எனக்கு வெளிச்சத்தில் பார்க்கக் கற்றுத் தருகிறாயா? என் கட்டியை எடுத்துவிட்டார்கள். "வெறும் கொழுப்பு பாய்" என்றார் டாக்டர். நோயாளி பயப்படக் கூடாதென்று அப்படிச் சொல்வது எனக்குத் தெரியாதா?

சைதூன், "என் கட்டிய மட்டும் ஏன் விட்டீக? உள்ள குத்துது" என்றாள். "உனக்குச் சுத்தமான தோலு, பேசாம இரு" என்றேன். சிரித்துக்கொண்டே மாவாட்டப் போனாள்.

நைனா முகமது

திண்டுக்கல், 2.12.1961

தம்பிக்கு,

சைதூனை அடக்கம் செய்து இன்று முப்பத்தைந்து நாள். தந்தி கொடுக்கவில்லை.

செப்டம்பரில் கால் ஊன்ற முடியாமல் மதுரைக்குக் கொண்டுபோனேன். நீ எழுதியதையே அங்கே இன்னொருவர் சொன்னார். நெஞ்சுக்கும் பரவிவிட்டதென்று அவள் நெஞ்சுப் படத்தைக் காட்டினார்கள். அதிலும் கறுப்புதான் நல்லதாம், வெள்ளைப் பொட்டுகள்தான் கேடாம். நிறைய இருந்தன.

நான் தவறு செய்தேன் என்று எழுத மாட்டேன். அந்தப் பையன் உட்காரச் சொல்லியிருந்தால் இருந்து கேட்டிருப்பேன்.

நேற்று மண்டிக்குப் போனேன். ஒரு தோலை வெயிலில் பிடித்தேன். பொட்டுக் கறுப்பு இல்லை. கழிவில் போட்டேன். அடுத்ததையும் போட்டேன். "என்ன பாய், நல்ல தோலு அம்புட்டையும் கழிக்கிறீக?" என்றான் கூட வேலை பார்க்கும் உடையப்பன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வராதே. நீ சொல்லிக் காட்ட மாட்டாய். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

படங்கள் இரண்டையும் இத்துடன் அனுப்புகிறேன். எது யாருடையது என்று மேலே எழுதவில்லை. உனக்குத் தெரியும்.

நைனா முகமது