ஒட்டிக்கொண்ட இரண்டு ஏடுகள்

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. பவானிபூரில் மழை இன்னும் விட்டபாடில்லை. காலையில் டிராம் மணியடித்துக்கொண்டு போகும்போதெல்லாம் உங்கள் குடையை எடுத்துக் கொடுக்க என் கை நீளுகிறது. அப்புறம்தான் ஞாபகம் வருகிறது. என்ன பண்ணுவேன், சொல்லுங்கள்?

முதல் மாதம் காலேஜிலிருந்து தினம் யாராவது வந்தார்கள். பிரின்ஸிபாலாக இருந்தும், காய்ச்சல் காலத்தில் மாணவர்கள் தங்கியிருந்த மெஸ் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் பார்லிக் கஞ்சியோடு போனதைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். எங்கிருந்தோ வந்த மதராஸி எங்கள் பிள்ளைகளுக்குத் தகப்பனாக இருந்தார் என்று பக்கத்து வீட்டு வங்காளிச் சித்தியான காக்கிமா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குத் தெரிந்தது இவர்களுக்குத் தெரியாதே.

கடைசி இரண்டு வருஷமாக உங்களுக்கு எழுத்தே தெரியவில்லை. கண்ணில் புரை. அது நம் மூவருக்குள் இருந்த ரகசியம். வகுப்பில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நீங்கள் நடத்திய சரித்திரமெல்லாம் மனப்பாடம். "சொல்லிடலாமேப்பா" என்று ஒருநாள் கேட்டேன். "வேலையை விட்டுட்டா அப்புறம் நான் யாருடி?" என்றீர்கள்.

கல்யாணமான ஒரே வருஷத்தில் புருஷனை இழந்து வந்து நின்றவளை, அழ விடாமல் இங்கிலீஷ் படிக்க வைத்தீர்களே, அந்தப் படிப்பு இதற்கு உதவியது. யூனிவர்சிட்டி பரீட்சைத் தாள்களை நான் வாசிப்பேன். நீங்கள் கேட்டு மார்க் சொல்வீர்கள், உங்கள் கையெழுத்தில் நான் போடுவேன். "இரு, சாப்பிட்டுட்டு வந்துடறேன். பசியோட திருத்தினா கை கஞ்சமாயிடும்" என்பீர்கள். முதலில் எல்லாமே பென்சில். ஃபெயிலான தாளை மட்டும் மறுநாள் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லி, அதற்குப் பிறகுதான் மை. எனக்கு அலுத்துப்போகும். "நேத்தே ஃபெயில்தானேப்பா?" என்றால், "நேத்து என் மனசு எப்படி இருந்துதோ, யார் கண்டா? படி" என்பீர்கள். அந்தக் குரலுக்கு ஏங்கிப்போய்க் கிடக்கிறேன் அப்பா.

கடைசித் தாள்கட்டுக்குள் ஒரு தாள். எறும்பு ஊர்ந்த மாதிரி கையெழுத்து. அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது, அவசரமாகத்தான் வாசித்தேன். பாஸாக நாலு மார்க் குறைந்தது. "இந்தப் பையன் என்னமோ சொல்ல வந்துட்டுப் பாதியிலே நிறுத்திட்டான். நாளைக்குப் பார்ப்போம்" என்றீர்கள். விடிந்தபோது நீங்கள் எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, தாள்கட்டைத் திருப்பி அனுப்ப எடுத்தேன். அந்தப் பையனின் தாளில் இரண்டு ஏடுகள் மழை ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் பிரித்தேன். உள்ளே இரண்டு பக்கம் நெருக்கி எழுதியிருந்தான். அவன் நிறுத்தவில்லை அப்பா, நான்தான் தாண்டிவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். "நாலு மார்க்கை நீயே போட்டு அனுப்பிடுடி. ஊரே அவரைக் கொண்டாடறது. கண் தெரியாம ஏமாத்தினார்னு செத்தப்புறம் பேர் வாங்கிக் குடுக்கப் போறியா?" என்று அழுதாள். எனக்கும் கை துறுதுறுத்தது. உங்கள் கையெழுத்து எனக்கு வராதா என்ன? ஆனால் அந்த மார்க் உங்களுடையதாக இருக்காதே. மறுதடவை வாசிக்காமல் பென்சிலோடு நின்றுபோன மற்ற பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

காக்கிமாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வண்டி பிடித்து யூனிவர்சிட்டிக்குப் போய், ரிஜிஸ்திராரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வயதானவர். தாள்கட்டை வாங்கி மேஜைமேல் வைத்தார். பிறகு வங்காள பாஷையில், "மா, அவர் பெயர் என்ன ஆகும் என்று யோசித்தாயா?" என்று கேட்டார். "யோசித்தேன். வேறு யாராவது இதை முழுசாகப் படிக்கட்டும்" என்றேன். வண்டியை விட்டு இறங்கியதும் காக்கிமா நேரே தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

காலேஜ் ஹாலில் உங்கள் படம் மாட்டுவதாக இருந்தார்கள். இப்போது அந்தப் பேச்சே இல்லை. நம் வீட்டுக்கு யாரும் வருவதும் இல்லை. அம்மா சாதம் போடுகிறாள், முகம் பார்ப்பதில்லை.

நேற்று ரிசல்ட் வந்தது. அந்தப் பையனின் நம்பர் பாஸ் லிஸ்டில் இருக்கிறது. அவன் யாரோ, எந்த ஊரோ. நாம் இருவர் அவனை எப்படிப் படித்தோம் என்று அவனுக்குத் தெரியவே போவதில்லை. அம்மாவிடம் சொன்னேன். இத்தனை நாளைக்கப்புறம் வாய் திறந்து, "அவர் இருந்தா உன்னைப் போகச் சொல்லியிருப்பாரா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை அப்பா. சொல்லியிருப்பீர்களா?

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். உங்களைக் குறையே இல்லாதவர் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். கண் போன பிறகும் வேலையை விட மனசு வராமல் ஊரை ஏமாற்றினார், ஆனால் ஒரு பிள்ளையையும் ஒரே தடவையில் ஃபெயிலாக்கவில்லை என்று இரண்டையும் சேர்த்தே சொல்வேன். அது உங்களுக்குக் கோபமென்றால், திட்டுவதற்காகவாவது ஒரே ஒரு தடவை வாருங்கள்.

உங்கள் கண்ணாக இருந்து அவசரப்பட்டுவிட்ட
மகள்