கத்தியைக் கீழே வைத்துவிட்டு

அன்பு மகள் வாண்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இந்தப் பேனாவை எடுத்திருக்கிறேன். இவ்வளவு வளர்ந்த பெண்ணை இன்னும் வாண்டு என்கிறாரே என்று கோபப்படாதே, கடையில் பேசும்போது எஞ்ஜினியர் பொண்ணு என்றுதான் சொல்கிறேன், வாண்டு வீட்டுக்குள் மட்டும். தினம் போனில் பேசுகிற மனுஷனுக்குத் திடீரென்று கடிதம் எதற்கு, கழன்றுவிட்டதா என்று உன் அறைத்தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாய். சிரி. காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற வேலை வேண்டாம், உன்னை எனக்குத் தெரியும்.

முதலில் வீட்டுச் சேதி. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து முன்னைவிட அதிகமாக ஏறுகிறாள். நம் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், குழாய் பதிக்கிறார்களாம், கடைக்கு வருகிறவர்கள் பலகை மேல் நடந்து வர வேண்டியிருக்கிறது. எதிர்வரிசையில் ஏசி போட்ட சலூன் ஒன்று வந்துவிட்டது. அங்கே வெட்டுகிறவர் தன் தலையை முதலில் நம் கடையில் வந்து சரிசெய்துகொண்டு போகலாம், அப்படி ஒரு லட்சணம், ஆனாலும் கூட்டம் போகிறது, என்ன செய்ய. அம்மா இப்போது உன் அறையில்தான் படுக்கிறாள். கேட்டால், அங்க ஃபேன் காத்து நல்லா வருதுங்க என்கிறாள். இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய ஃபேன். நீ விட்டுவிட்டுப் போன மஞ்சள் சட்டையை யாரும் போடாமலே அவ்வப்போது துவைத்துக் காயப்போட்டு, மடித்து வைக்கிறாள். நான் ஒன்றும் கேட்டுக்கொள்வதில்லை.

வேலை கிடைக்காத காலம் என்று நீ சொல்வதை நான் பேப்பர் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, என் நாற்காலியிலேயே பார்க்கிறேன். வேலை நாளில் கடை திறப்பதற்கு முன்பே ஒருவன் வாசலில் நின்று, ரொம்பக் குறைக்க வேணாண்ணே, பாக்கறதுக்கு நீட்டா இருந்தா போதும் என்றால் அவனுக்கு அன்று இன்டர்வியூ என்று அர்த்தம். முன்பெல்லாம் எப்போதாவது ஒருவன் அப்படி வருவான். இப்போது வரிசையில் நிற்கிறார்கள். ஒரே ஆபீசில் காலம் தள்ளிவிட்டு இன்று பையன் வயதுக்காரன் முன்னால் போய் உட்கார வேண்டியிருக்கிற பெரியவர்கள்கூட வந்து, கிருதால வெள்ளை தெரியாம பண்ணிடுங்க என்று மெதுவாகக் கேட்கிறார்கள். போன வாரம் வந்த ஒரு பையன், கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருக்கிற உன் பாலத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, நானும் பாலம் கட்டற படிப்புதாங்க என்றான். ஐயய்யோ, இவன் என் பெண் போகிற இடத்துக்கே போகிறவனோ என்று என் கத்தரி நின்றுவிட்டது. பின்னந்தலையில் ஒரு படிக்கட்டு வைத்து அனுப்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். மனசு கேட்கவில்லை. ஒழுங்காக வெட்டி, கழுத்துக்குப் பவுடர் போட்டு, காலரைத் தட்டிவிட்டு அனுப்பினேன். அவனைப் பெற்றவரும் எங்கேயோ உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பார், இல்லையா.

உன் கம்பெனி ஆளைக் குறைக்கிறோம் என்று உன்னை அனுப்பிய நாளிலிருந்து நீ சொல்வதையெல்லாம் நான் மனசில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு இடத்தில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, படம் வரையச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்றவர்கள் இன்றுவரை சொல்லவில்லை. இன்னொரு இடத்தில் அனுபவம் பத்தாது, அடுத்த இடத்தில் அனுபவம் ஜாஸ்தி. முடியை வெட்டவும் வேண்டும், ஆனால் குறையக் கூடாது என்று வந்து உட்காருகிற கிராக்கி மாதிரி இருக்கிறார்கள். பாலத்துக்குத் தூண் வரைந்த கையால் நீ இப்போது பார்சலுக்கு டேப் ஒட்டுகிறாய். கேட்டால் பரவால்லப்பா என்கிறாய். உன் பரவால்லப்பாவில் எத்தனை தினுசு என்று எனக்குத் தெரியாதா. நீ அனுப்பிய அந்தப் பாலத்துப் படம் இன்னும் என் கண்ணாடி ஓரத்தில்தான் ஒட்டியிருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம், இதுல நடுவுல நிக்குதே அந்தத் தூண், அது என் பொண்ணு கணக்குப் போட்டது என்று சொல்லிச் சொல்லி, இப்போது அவர்களே புது ஆட்களுக்குக் காட்டுகிறார்கள்.

மழை ஆரம்பித்த சமயத்தில் ஒருநாள் போனில் பேச்சோடு பேச்சாக, நான் வந்துடட்டுமாப்பா என்று கேட்டாய். நான் வாய் திறப்பதற்குள், சும்மா கேட்டேன் என்று சிரித்துவிட்டு பஸ் வந்துவிட்டதாக வைத்துவிட்டாய். உனக்கு அது சும்மா. எனக்கு அன்றையிலிருந்து காதில் அது ஒன்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறது. மறுநாளே நாற்காலியில் உட்காருகிற எல்லோரிடமும், எம்பொண்ணுக்கு உங்க பக்கம் ஏதாவது வேலை இருக்குங்களா என்று கேட்க ஆரம்பித்தேன். கேட்டவர்கள் அத்தனை பேரும் அனுப்புங்க, பாத்துக்கலாம் என்றார்கள். அச்சகம் வைத்திருக்கிறவர் சொன்னார், பேங்க் ஆபீசர் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உன்னிடம்கூட, ரெண்டு மூணு எடம் கைல இருக்கு என்று பெரிய மனுஷன் மாதிரி பேசினேனே, ஞாபகம் இருக்கிறதா. அப்புறம் பார்த்தால் சொன்னவர்கள் ஒருவரையும் கடைப் பக்கம் காணோம். பேங்க் ஆபீசர் ஏசி சலூனிலிருந்து வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் பலகையை விட்டுவிட்டுச் சேற்றில் இறங்கிப் போனார்.

பக்கத்து மருந்துக்கடைக்காரர்தான் கடைசியில் உடைத்துச் சொன்னார், அண்ணே, தொண்டைல கத்திய வெச்சுக்கிட்டு எம்பொண்ணுக்கு வேலை இருக்கான்னு கேட்டா எவண்ணே இல்லைன்னு சொல்லுவான் என்று. யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். ஆளைச் சாய்த்து உட்கார வைத்து, நுரை போட்டு, கழுத்து நரம்புக்கு நேராகக் கத்தியைக் கொண்டுபோகிற நேரத்தில்தான் எனக்குப் பேச்சே வரும், அத்தனை வருஷப் பழக்கம். அம்மாவிடம் சொன்னதும் சிரித்தாள் பார், பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனிமே கைல கத்தி இருக்கறப்ப பொண்ணு பேச்சு எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரயிலடிக்குப் பின்னால் பெரிய கிடங்கு ஒன்று இருக்கிறதே, லாரிகள் நிற்குமே, அதன் மேனேஜர் நம் கடையில்தான் சவரம் செய்துகொள்வார். நல்ல மனுஷர், நீயும் பார்த்திருக்கிறாய். முந்தாநாள் பாதிச் சவரத்தில் அவராகவே, உங்க பொண்ணுக்கு வேலை ஆச்சா என்று கேட்டார். அம்மா சட்டம் ஞாபகம் வந்து நான் இன்னும் இல்லீங்க என்று மட்டும் சொன்னேன். எங்க கிடங்கு கேட்டுல சரக்கு வரவு போக்கு பாக்க படிச்ச ஆள் வேணும், நிரந்தர வேலை, வரச்சொல்லுங்களேன் என்றார். நான் கத்தியைக் கீழே வைத்தேன். போர்த்தியிருந்த துணியை எடுத்தேன். சார், கொஞ்சம் எந்திரிங்க என்று அவரை வாசலுக்கே கூட்டிக்கொண்டு போய், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இப்பச் சொல்லுங்க என்றேன். ஒரு கன்னத்தில் நுரையோடு அவர் பலகை மேல் நிற்கிறார், குழாய் தோண்டுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். அவர் அதையேதான் திரும்பச் சொன்னார், நிஜமாத்தாங்க, மாசக் கடைசிக்குள்ள பதில் சொன்னா போதும் என்று. அப்படியே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்ப உட்கார வைத்து மறு கன்னத்தை எடுக்கும்போது அவர் கண்ணாடி ஓரத்துப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து எழுந்தவர் போகாமல் நின்று, உங்ககிட்ட ஒண்ணு மறைக்க வேணாம்னு பாக்கறேன் என்றார். அவர் கப்பல் கட்டுகிற படிப்புப் படித்தவராம். காலம் சரியில்லை, ரெண்டு வருஷம் இங்கே தள்ளிவிட்டுப் போய்விடலாம் என்று வந்தவராம். அப்புறம் எங்கே போனாலும், இவ்ளோ நாள் கிடங்குல என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு கேட்டே அனுப்பிட்டாங்க, இங்கயே நரைச்சுட்டேன் என்றார். அந்த நரைக்கு மாதாமாதம் மை போடுகிறவனே நான்தான், இத்தனை நாளில் இந்தப் பேச்சு வந்ததில்லை. சோறு போடற வேலைதாங்க, குத்தம் சொல்ல மாட்டேன், ஆனா அந்தப் பொண்ணுகிட்ட இதையும் சேத்துச் சொல்லுங்க என்றார். சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

வேலை இருக்கிறது என்று கேட்டவுடனே அம்மா உன் மெத்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் வெயிலில் போட்டுவிட்டாள். மேனேஜர் சொன்ன மீதியைச் சொன்னதும், என்னைத் திட்டிக்கொண்டே போய் மடித்து எடுத்து வந்தாள். அவகிட்ட இந்த வேலை விஷயத்தையே சொல்லாதீங்க, நமக்காக ஓடி வந்துடுவா என்றாள். நேற்றுக் காலையில் பார்த்தால் மெத்தை மறுபடி மாடியில் கிடக்கிறது. உன் அம்மா மனசு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நான் மாடியைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. என் மனசு மட்டும் என்ன வாழ்கிறதாம். தெருமுனையில் பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் பையோடு இறங்குகிற பெண்களை எட்டிப் பார்க்கிறேன். நீ இல்லை என்று தெரியும், தெரிந்தும் பார்க்கிறேன். உன்னை நினைத்து ஏங்கிப்போய்தான் கிடக்கிறோம் வாண்டு, அதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது.

இதைப் போனில் சொல்லாததன் காரணம் இதுதான். போனில் பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும். பின்னால் அம்மா மூக்கை உறிஞ்சுவாள். அம்மா உன் ரூம்லதான் தூங்குறா என்று என் வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிடும். நீ உடனே, சரிப்பா, வந்துடறேன் என்பாய். அச்சகக்காரரும் பேங்க் ஆபீசரும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்ன சரி மாதிரிதான் அதுவும் இருக்கும். அவர்களாவது எதிர்க்கடைக்குப் போய்த் தப்பித்தார்கள், நீ எங்கே போவாய். எங்கள் ஏக்கத்தைவிடக் கூர்மையாக என் கடையில் ஒரு கத்தியும் இல்லை. அதனால்தான் காகிதத்தில் கேட்கிறேன், என் குரல் இல்லை, அம்மா பக்கத்தில் இல்லை, கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்கிறேன். வர்றியாம்மா?

உடனே பதில் சொல்லாதே. எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் நடந்துவிட்டு வந்து சொல். வருகிறேன் என்றால் பஸ் நிற்கும் இடத்தில் நான் நிற்பேன். வரவில்லை, இங்கேயே இன்னும் தேடிப் பார்க்கிறேன் என்றாலும் அதே சந்தோஷத்தோடு கேட்டுக்கொள்வேன், உன் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். எதுவானாலும் பரவால்லப்பா என்று மட்டும் சொல்லாதே, அந்த ஒன்றைக் கேட்க முடியவில்லை.

நீ தொட்டதெல்லாம் நிலைக்க வேண்டும், நல்ல வேலையும் நல்ல மனுஷர்களும் உனக்கு அமைய வேண்டும் என்று நானும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம். பார்சல் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கு. இன்டர்வியூவுக்குப் போகிற நாளில் வெறும் வயிற்றோடு போகாதே. அப்புறம், மெத்தை இன்றைக்கும் மாடியில்தான் இருக்கிறது, அதை வைத்து நீ எந்த முடிவுக்கும் வர வேண்டாம், மெத்தைக்கு வெயில் நல்லது, அவ்வளவுதான்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்,
அப்பா