பூவரச மரத்துக்கு ஊற்றிய பால்

விம்கோ நகர்,
17.8.2003

வெற்றியின் அப்பா அவர்களுக்கு,

வணக்கம். உங்களை இப்படி அழைத்து எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது, ஃபேக்டரி கேட் மீட்டிங் முடிந்து தொண்டை கட்டி வந்து நின்று, பையன் பிறந்தால் வெற்றி என்றுதான் பெயர் என்று சொன்னீர்கள். பிறகு அந்தப் பெயரை நம் வீட்டில் யாரும் வாயில் எடுக்கவில்லை. இன்றைக்கு நான் எடுக்கிறேன்.

நீங்கள் சௌக்கியம் என்று கலீலுல்லா அண்ணன் சொன்னார். குஜராத்திலும் கண்ணாடி ஃபேக்டரி வேலைதானாம். அங்கே உங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து, அது நடக்கவும் ஆரம்பித்துவிட்டதாம். இதைச் சொல்ல அவர் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. விலாசம் கொடுத்தவரும் அவர்தான், அவரைக் கோபிக்காதீர்கள். அங்கே உங்களோடு இருக்கிறவளையோ குழந்தையையோ பற்றிச் சண்டை போட நான் எழுதவில்லை. உங்களோடு போட வேண்டிய சண்டை வேறு.

நம் கம்பெனி ஆஸ்பத்திரியை இடிக்கிறார்கள். கண்டெய்னர் யார்டு வரப்போகிறதாம். உங்களோடு உலை முன்னால் நின்ற கலீலுல்லா அண்ணன் இப்போது அங்கே வாட்ச்மேன். இடிப்பதற்குள் ஒருமுறை உள்ளே போக வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் திறந்துவிட்டார். அங்கே ஆயாவாக இருந்த சிலுவையம்மாள் அக்காவையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

கதவு, ஜன்னல் எல்லாம் பெயர்த்தாகிவிட்டது. தேக்கு என்பதால் புளியந்தோப்பு பழைய மரக் கடைக்குப் போய்விட்டதாம். நம் ஃபேக்டரியில் வார்த்த கண்ணாடிகளை மட்டும் யாரும் சீண்டவில்லை. தரையெல்லாம் கண்ணாடி உடைந்து கிடந்தது, செருப்பைக் கழற்ற முடியவில்லை. சுவரில் உங்கள் கையெழுத்து இன்னும் இருக்கிறது. 'ஆஸ்பத்திரியை மூடாதே' என்று சிவப்பு பெயிண்டில் நீங்கள் எழுதியது. அதற்குக் கீழே யாரோ வெற்றிலை துப்பியிருக்கிறார்கள்.

உலை வெடித்து ஆட்கள் வெந்துபோன பிறகு, உங்கள் அப்பா காலத்தில் ஸ்டிரைக் செய்து வாங்கிய ஆஸ்பத்திரி அது என்று கல்யாணமான புதிதில் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள். ஆயுத பூஜைக்கு ஆம்புலன்ஸுக்குக் கூட மாலை போடுவீர்கள். அந்தப் பெருமையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் லாக்-அவுட் வந்து, சம்பளம் இல்லாமல் டாக்டர் வருவது நின்று, ஒரே ஒரு நர்ஸம்மா மிச்சம் இருந்தபோது உங்கள் சங்கம் ஒரு முடிவு எடுத்ததே. நோயாளி வராவிட்டால் அதையே சாக்காக வைத்து மூடிவிடுவார்கள், அதனால் நம் குடும்பங்கள் எல்லாம் அங்கேதான் போக வேண்டும் என்று. ராயபுரத்தில் பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது, ஒரு பஸ் பிடித்தால் போய்விடலாம் என்று என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சங்கத்து ஆள் பெண்டாட்டியே வெளியே போனால் மற்றவர்கள் என்ன பேசுவார்கள் என்று கேட்டீர்கள். நானும் வாயை மூடிக்கொண்டு வந்தேன். நாம் அங்கே போனது வைத்தியத்துக்காக இல்லை. கட்டில் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக.

அந்தக் கட்டில் இருந்த இடத்தையும் பார்த்தேன். இப்போது அது காலியாகத்தான் இருக்கிறது.

நான் போனது இதையெல்லாம் பார்க்க இல்லை. பின்பக்கம் இருக்கிற பூவரச மரத்துக்காகப் போனேன். அன்றைக்கு மண் ஒட்டிய கையோடு என் பக்கத்தில் வந்து நின்று, பிள்ளையை மரத்தடியில் வைத்துவிட்டேன், பால் ஊற்றிவிட்டேன் என்று சொன்னீர்கள். அந்தக் கையை என் முந்தானையால் துடைத்துவிட்டேன். பெற்றவள் அந்த இடத்துக்குப் போகக் கூடாது என்று உங்கள் அம்மா சொன்னதால் உள்ளே போகவில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில், மரம் தெரிகிற இடமாகப் பார்த்து, வெளிச்சுவர் ஓரத்தில் பால் ஊற்றி வருகிறேன். மரத்தடிக்கும் மிஷின் வருவதற்குள் ஒரு பிடி மண்ணாவது எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று கரண்டி கொண்டுபோயிருந்தேன்.

தோண்ட ஆரம்பித்ததும் சிலுவையம்மாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அங்க இன்னாத்துக்கும்மா தோண்டிகினு கீற? அங்க ஒண்ணும் இல்ல. பிள்ளைய ஜெனரேட்டர் ரூம் பின்னால நான்தான் பொதைச்சேன். உன் வூட்டுக்காரரு மரம் வரைக்கும் தூக்கிகினு வந்தாரு. கொஞ்சம் மண்ணைத் தோண்டுனாரு. அப்பால துணிய வெலக்கி மூஞ்சியப் பார்த்தாரு. அவ்ளோதான், திரும்ப மூடி என் கையில குட்த்துட்டு நீயே பாத்துக்கோக்கான்னுட்டு கேட்டாண்ட மீட்டிங்குக்குப் போய்ட்டாரு. உனக்குத் தெரியும்னு நெனச்சுகினு கீறேன்" என்றார்.

ஜெனரேட்டர் ரூம் இருந்த இடத்தில் இப்போது பெரிய பள்ளம். நல்ல மண் என்று முதலில் அங்கேதான் தோண்டினார்களாம். லாரி லாரியாகச் சடையங்குப்பம் பக்கம் தாழ்ந்த மனைகளில் கொட்டி நிரப்பிவிட்டார்கள் என்று கலீலுல்லா அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். இனி நான் எந்த மனையில் போய்த் தேடுவது?

உங்களால் முடியவில்லை என்று அன்றைக்கே சொல்லியிருந்தால், தையல் போட்ட உடம்போடு நானே எழுந்து போயிருப்பேன். பெற்ற பிள்ளையை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு மீட்டிங்குக்குப் போன உங்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. முயன்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் நூல் பிசிர் வெட்டும் வேலைக்குப் போகிறேன். என் அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. எங்களுக்கு நீங்கள் ஒன்றும் அனுப்ப வேண்டாம், வரவும் வேண்டாம். அங்கே இருக்கிற குழந்தை நோய் நொடி இல்லாமல் வளரட்டும். காய்ச்சல் என்றால் நல்ல டாக்டர் இருக்கிற இடமாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், அது யாருடைய ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி.

ஒன்றே ஒன்று மட்டும் எழுதுங்கள். பார்த்தால் மறக்க முடியாது என்று எனக்கு அவனைக் காட்டவே இல்லை. அக்காவும் துணியை விலக்கிப் பார்க்கவில்லையாம். முகத்தைப் பார்த்தது நர்ஸம்மாவும் நீங்களும்தான், அந்த அம்மா இப்போது உயிரோடு இல்லை. அவன் யார் ஜாடையில் இருந்தான்? தலையில் முடி இருந்ததா? எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எதையும் சேர்த்து எழுதாதீர்கள். மறந்துவிட்டது என்றால் மறந்துவிட்டது என்றே எழுதுங்கள்.

இப்படிக்கு,
வெற்றியின் அம்மா
ரமாபாய்